நிறைவாண்டுத் திட்டப்பணி: பொறியியல் கல்வி கைக்கு வரும் இடம்

பொறியியல் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் மாணவர்கள் சிலர் ஒரு குழுவாகச் சேர்கிறார்கள். யாரோ ஒருவருக்கு உண்மையிலேயே தேவைப்படும் ஒரு கருவியையோ அமைப்பையோ மென்பொருளையோ தொடக்கத்திலிருந்து வடிவமைத்து, செய்து, சோதித்துக் காட்டுகிறார்கள். இந்தப் பாடமே நிறைவாண்டுத் திட்டப்பணி. உலகெங்கும் இதற்கு வழங்கும் பெயர் கேப்ஸ்டோன். சுவர் கட்டி முடிந்ததும் அதன் தலையில் வைத்து மூடும் கல்லைக் குறிக்கும் கட்டடச் சொல் அது. மூன்றாண்டுகளில் தனித்தனியாகப் படித்த கணிதம், இயந்திரவியல், மின்னியல், பொருளறிவியல் அனைத்தும் ஒரே வேலையில் ஒன்றுகூட வேண்டும் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

மற்றப் பாடங்களிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது ஒரு விஷயம். வகுப்பறைக் கணக்கில் உத்திரத்தின் நீளம், அதன்மேல் வரும் சுமை, எஃகின் வலிமை எல்லாம் கொடுக்கப்பட்டிருக்கும்; வளைவு எவ்வளவு என்று மட்டும் மாணவர் கண்டுபிடிக்க வேண்டும். சரியான விடை ஒன்றுதான், அது புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். வடிவமைப்பில் சுமை எவ்வளவு என்று யாரும் சொல்லித் தர மாட்டார்கள். அங்கே உத்திரம்தான் தேவையா என்பதே முதலில் முடிவுசெய்ய வேண்டிய கேள்வி. ஏற்கத்தக்க விடைகள் பல இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை, ஓர் எடை, ஒரு குறை இருக்கும். எதை விட்டுக்கொடுத்து எதைப் பெறுவது என்று காரணத்தோடு தீர்மானிக்கும் திறமையே பொறியாளரின் தொழில். நிறைவாண்டுத் திட்டப்பணி அந்தத் திறமைக்கான பயிற்சி.

பட்டறையும் கரும்பலகையும்

பொறியியல் கல்விக்குள் கைவேலையும் கணிதமும் எப்போதும் இடத்துக்குப் போட்டியிட்டு வந்திருக்கின்றன. 1794இல் பாரிஸில் தொடங்கப்பட்ட எக்கோல் பாலிடெக்னிக், கணிதத்தையும் அறிவியலையும் அடித்தளமாக்கிப் பொறியாளரை உருவாக்கும் முறைக்கு முன்மாதிரியாயிற்று. அதே 1794இல் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளி வேறு மரபைச் சேர்ந்தது. நிலத்தில் இறங்கி அளப்பதே அங்கே பாடம். பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது அந்தப் பள்ளிதான்.

அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் பட்டறை மரபுக்குச் செல்வாக்கு இருந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1865இல் நிறுவப்பட்ட வூஸ்டர் பாலிடெக்னிக், வாஷ்பர்ன் பட்டறை என்ற தொழிற்கூடத்தையே வளாகத்துக்குள் நடத்தியது. மாணவர்கள் கைப்படச் செய்த பொருள்கள் அங்கிருந்து சந்தைக்குப் போயின. வாங்குபவர் ஒருவர் காத்திருக்கிறார் என்ற பொறுப்பு படிப்போடு கலந்திருந்தது.

இரண்டாம் உலகப்போர் இந்த நிலையை மாற்றியது. ரேடார், அணுசக்தி போன்ற போர்க்காலக் கண்டுபிடிப்புகளில் இயற்பியலாளர்கள் முன்னணியில் நின்றார்கள். பொறியாளரின் அறிவியல் அடித்தளம் போதவில்லை என்ற எண்ணம் வலுப்பட்டது. அமெரிக்கப் பொறியியல் கல்விச் சங்கத்துக்காக எல். ஈ. கிரிண்டர் தலைமையிலான குழு 1955இல் அளித்த அறிக்கை, அடிப்படை அறிவியலையும் வெப்ப இயக்கவியல், பாய்ம இயக்கவியல் போன்ற பொறியியல் அறிவியல்களையும் பாடத்திட்டத்தின் நடுவில் வைக்கச் சொன்னது. இரண்டே ஆண்டுகளில், 1957 அக்டோபர் 4 அன்று, சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியது. அதன்பின் அறிவியல் பக்கம் சாய்வு இன்னும் வேகமெடுத்தது.

கிரிண்டர் அறிக்கை வடிவமைப்பைப் புறக்கணிக்கவில்லை. ஆனாலும் கல்லூரிகளில் நடந்தது வேறு. பாடவேளைகளை அறிவியல் எடுத்துக்கொண்டதும் வரைபடமும் பட்டறையும் சுருங்கின. ஆராய்ச்சிக் கட்டுரைகளின் பலத்தில் பணிக்கு வந்த ஆசிரியர்களில் பலருக்குத் தொழிற்சாலை அனுபவம் இல்லை. சமன்பாட்டைத் தீர்க்கத் தெரிந்த, ஒரு பொருளை உருவாக்கிப் பழகாத பட்டதாரிகள் வருகிறார்கள் என்று தொழில்துறை குறைப்பட்டுக்கொள்ளத் தொடங்கியது. நிறைவாண்டுத் திட்டப்பணியின் இன்றைய வடிவம் இந்தக் குறைக்கு மருந்தாகப் பிறந்தது.

மருத்துவமனையிலிருந்து கடன்வாங்கிய யோசனை

கலிஃபோர்னியாவின் கிளேர்மான்ட் நகரில் 1955இல் தொடங்கப்பட்ட சிறிய கல்லூரி ஹார்வி மட். அங்கே ஜாக் ஆல்ஃபர்ட், மேக் கில்கிசன் என்ற இரு பேராசிரியர்கள் 1963இல் ஒரு புதிய பாடத்தைத் தொடங்கினார்கள். மருத்துவ மாணவர் உடற்கூற்றியல் படித்தால் மட்டும் மருத்துவராவதில்லை; மூத்த மருத்துவரின் கண்காணிப்பில் உண்மையான நோயாளியைப் பார்க்கிறார். பொறியியல் மாணவருக்கும் உண்மையான ‘நோயாளி’ வேண்டும் என்று அவர்கள் கருதியதால் பாடத்துக்கே ‘பொறியியல் கிளினிக்’ என்று பெயர் வைத்தார்கள்.

அதன் அமைப்பு எளிமையானது. ஒரு நிறுவனம் தனக்கிருக்கும் தொழில்நுட்பச் சிக்கலையும் அதற்கான கட்டணத்தையும் கல்லூரிக்குத் தருகிறது. நான்கைந்து மாணவர்கள் கொண்ட குழு ஒரு கல்வியாண்டு முழுவதும் அதில் உழைக்கிறது. கல்லூரித் தரப்பில் ஒரு பேராசிரியர் ஆலோசகர். நிறுவனத் தரப்பில் ஒரு பொறியாளர் தொடர்பாளர். குழுத்தலைவராக இருப்பவர் மாணவரே. விளையும் அறிவுசார் உரிமை நிறுவனத்துக்குச் சேரும். மே மாதத்தில் ஒருநாள் எல்லாக் குழுக்களும் தங்கள் வேலையைப் பொதுவில் விளக்குகின்றன.

இந்த அமைப்பில் பணம் வரவைவிடப் பெரிய வேலை ஒன்றைச் செய்கிறது. கட்டணம் செலுத்திய நிறுவனம் தன் பொறியாளரை வாராவாரம் தொலைபேசியில் பேசச் சொல்கிறது. பாதி வேலையில் நின்றால் ஏன் என்று கேட்கிறது. மதிப்பெண்ணுக்காக மட்டும் செய்யும் வேலையில் இந்தக் கேள்வி எழுவதில்லை.

அடுத்தடுத்த ஆண்டுகளில் இதே தேவையை வெவ்வேறு கல்லூரிகள் தத்தம் வழியில் எதிர்கொண்டன. வாஷ்பர்ன் பட்டறை நடத்திய அதே வூஸ்டர் பாலிடெக்னிக், 1970இல் தன் பாடத்திட்டத்தையே திட்டப்பணிகளைச் சுற்றி மாற்றியமைத்தது. துறைசார் திட்டப்பணி ஒன்று, தொழில்நுட்பமும் சமுதாயமும் சந்திக்கும் சிக்கலைப் பற்றிய திட்டப்பணி ஒன்று என இரண்டையும் முடித்தால்தான் பட்டம். டென்மார்க்கில் 1974இல் நிறுவப்பட்ட ஆல்போர்க் பல்கலைக்கழகம் இன்னும் ஒருபடி மேலே போய், ஒவ்வொரு பருவத்தின் உழைப்பிலும் ஏறக்குறைய பாதியைக் குழுத் திட்டப்பணிக்கு ஒதுக்கியது. பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1995இல் தொடங்கிய எபிக்ஸ் திட்டம், நிறுவனங்களுக்குப் பதிலாக உள்ளூர்ச் சேவை அமைப்புகளையும் பள்ளிகளையும் மாணவரின் வாடிக்கையாளராக்கியது. கட்டணம் செலுத்த முடியாதவருக்கும் பொறியாளர் தேவைப்படுவார் என்பதை அது பாடமாக்கியது.

அமெரிக்கப் பொறியியல் அகாடமி, பொறியியல் கல்வியில் புதுமைக்காகத் தரும் கார்டன் பரிசை 2005இல் எபிக்ஸுக்கும், 2012இல் ஹார்வி மட் கிளினிக்குக்கும், 2016இல் வூஸ்டரின் திட்டப்பணிக் கல்விக்கும் அளித்தது. ஓரிரு கல்லூரிகளின் தனி முயற்சியாகத் தொடங்கியது ஏறக்குறைய அரை நூற்றாண்டில் முன்மாதிரியாகிவிட்டதை இந்தப் பரிசுகள் காட்டுகின்றன.

விருப்பத்திலிருந்து விதிக்கு

அமெரிக்காவில் பொறியியல் படிப்புகளுக்கு அங்கீகாரம் வழங்கும் ஏபெட் அமைப்பு, எத்தனை மணி நேரம் என்ன பாடம் நடந்தது என்று எண்ணிப் பார்ப்பதை வெகுகாலம் வழக்கமாகக் கொண்டிருந்தது. 1996இல் ஏற்றுக்கொண்ட புதிய அளவுகோல்கள் அந்தப் பார்வையை மாற்றின: பட்டம் பெறும் மாணவரால் என்ன செய்ய முடிகிறது என்பதே இனிக் கேள்வி. முன்பு படித்தவற்றின்மேல் எழும்பி, உரிய தொழில்நுட்பத் தரநிலைகளையும் பலவகைக் கட்டுப்பாடுகளையும் கணக்கில்கொள்ளும் ஒரு பெரிய வடிவமைப்பு அனுபவத்தோடு படிப்பு முடிய வேண்டும் என்பது ஏபெட்டின் நிபந்தனைகளுள் ஒன்று.

இந்த நிபந்தனை கடல் கடந்ததற்கு வாஷிங்டன் உடன்பாடு வழிசெய்தது. ஆஸ்திரேலியா, கனடா, அயர்லாந்து, நியூசிலாந்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளின் அமைப்புகள் 1989இல் செய்துகொண்ட இந்த ஒப்பந்தப்படி, ஒரு நாடு அங்கீகரித்த பொறியியல் படிப்பை மற்ற உறுப்பு நாடுகளும் ஏற்கும். இந்தியாவின் தேசிய அங்கீகார வாரியமும் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனமும் 2014இல் இதில் முழு உறுப்பினராயின. தீர்வுகளை வடிவமைத்தல், குழுவில் பணியாற்றுதல், திட்ட மேலாண்மை, செலவுக் கணக்கு, தொழில் அறம் ஆகியவை மாணவருக்குக் கைவந்துள்ளன என்று கல்லூரிகள் சான்று காட்ட வேண்டிய கடமை அதனால் உறுதிப்பட்டது. மூன்று மணி நேர எழுத்துத் தேர்வில் இவற்றை அளக்க வழியில்லை. கடைசியாண்டுத் திட்டப்பணி ஒன்றே இவை அனைத்தும் ஒன்றாகத் தென்படும் இடம்.

ஒரு வேலை வளரும் விதம்

இந்தப் பாடத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டைப் படிப்படியாகப் பின்தொடர்ந்தால் தெளிவாகப் பார்க்கலாம். சமையல் எரிவாயு உருளையை மாடிக்குத் தூக்கிச் செல்லும் தொழிலாளிக்கு உதவும் வண்டி ஒன்றைச் செய்ய நான்கு இயந்திரவியல் மாணவர்கள் முன்வருகிறார்கள் என்று கொள்வோம். வீட்டு உருளையில் 14.2 கிலோ எரிவாயு. உருளையின் எடையும் சேர்ந்தால் சுமார் 30 கிலோ. மின்தூக்கி இல்லாத மூன்று மாடிக் கட்டடத்தில் அதைத் தோளில் வைத்து ஏறுவது நாள் முழுவதும் நடக்கும் வேலை.

முதல் கட்டம் தேவையை அறிதல். மாணவர்கள் கணினியைத் திறப்பதற்கு முன் அந்தத் தொழிலாளியோடு ஒரு நாள் கூடவே ஏறி இறங்க வேண்டும். அப்போதுதான் கல்லூரியில் அமர்ந்து யோசித்தபோது தோன்றாத செய்திகள் கிடைக்கும். ஏறும்போது நிறைந்த உருளை, இறங்கும்போது காலி உருளை. ஆகவே வண்டி இரண்டு திசையிலும் உழைக்க வேண்டும். நேரான படியைவிடத் திரும்பும் இடத்தில்தான் தடுமாற்றம் அதிகம். வண்டியையும் சேர்த்துத் தூக்க வேண்டிவந்தால் அவர் அதைத் தெருவிலேயே விட்டுவிட்டுப் பழையபடி தோளில் தூக்கிக்கொள்வார்.

இரண்டாவது, தேவையை அளவாக மாற்றுதல். ‘எளிதாக இருக்க வேண்டும்’ என்பதை வைத்துக்கொண்டு எதையும் சோதிக்க முடியாது. ‘ஒருவர் ஒரு கையால் 10 கிலோ விசைக்கு மேல் கொடுக்காமல் 30 கிலோ உருளையை மூன்று மீட்டர் உயரம் ஏற்ற வேண்டும், 90 சென்டிமீட்டர் அகலமான திருப்பத்தில் திரும்ப வேண்டும், கையை விட்டால் வண்டி கீழே ஓடக்கூடாது’ என்று எழுதினால் ஒவ்வொன்றையும் அளந்து பார்க்கலாம். சட்டமும் இங்கே நுழைகிறது. உருளைகளைச் சறுக்கவோ கீழே போடவோ கூடாது, கூடியவரை தள்ளுவண்டியைப் பயன்படுத்த வேண்டும் என்று எரிவாயு உருளை விதிகள் சொல்கின்றன. தரநிலைகளைக் கணக்கில்கொள்வது என்பதற்கு நடைமுறைப் பொருள் இதுதான்.

மூன்றாவது, யோசனைகளைப் பெருக்கி ஒப்பிடுதல். முக்கோண அமைப்பில் மூன்று சக்கரங்கள் சுழலும் வண்டி, டாங்கிபோல் ரப்பர்ப் பட்டையில் ஏறும் வண்டி, முதுகில் சுமையைப் பகிரும் சட்டம், மாடிச் சுவரில் பொருத்தும் கப்பி எனப் பல வழிகள் இருக்கின்றன. பிரிட்டிஷ் வடிவமைப்புப் பேராசிரியர் ஸ்டூவர்ட் ப்யூ உருவாக்கிய தேர்வு அட்டவணை இங்கே உதவும். ஏற்கெனவே உள்ள ஒரு முறையை அடிப்படையாக வைத்து, ஒவ்வொரு யோசனையும் ஒவ்வொரு தேவையிலும் அதைவிட மேலா, தாழ்வா, சமமா என்று குறிப்பார்கள். மொத்த எண்ணிக்கையைவிட, எந்தக் கட்டத்தில் ஏன் தாழ்வு என்ற விவாதமே இதன் பலன். ஒன்றின் குறையை இன்னொன்றின் சிறப்பால் நிரப்பிப் புதிய யோசனை பிறப்பதும் இந்தக் கட்டத்தில்தான்.

நான்காவது, கணக்கு. முக்கோணச் சக்கர வண்டியைத் தேர்ந்ததாகக் கொள்வோம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வீடுகளில் படியின் உயரம் 19 சென்டிமீட்டருக்கு மிகாமலும் மிதி அகலம் 25 சென்டிமீட்டருக்குக் குறையாமலும் இருக்கச் சொல்கிறது. இந்த எல்லை அளவில் படியின் சாய்வு சுமார் 37 பாகை. 6 கிலோ வண்டியும் 30 கிலோ உருளையும் சேர்ந்த 36 கிலோவைச் சாய்வுவழி இழுக்கத் தேவையான சராசரி விசை ஏறத்தாழ 22 கிலோ எடைக்குச் சமம். சக்கரம் படியின் விளிம்பைத் தாண்டிப் புரளும் கணத்தில் அது இன்னும் கூடும். தாங்களே எழுதிய 10 கிலோ வரம்பை இந்த வண்டி கையிழுப்பில் எட்டாது என்று காகிதத்திலேயே தெரிந்துவிடுகிறது.

அப்படியானால் மோட்டார் வேண்டும். மின்கலம் பெரிதாகிவிடுமோ என்ற அச்சம் உடனே வரும். 36 கிலோவை 3 மீட்டர் உயர்த்தத் தேவையான ஆற்றல் சுமார் 1,060 ஜூல். ஒரு நாளில் 40 தளங்கள் ஏறினாலும், ஆற்றலில் 40 சதவீதம்தான் பயன்படுகிறது என்று கொண்டாலும், தேவைப்படுவது சுமார் 30 வாட்-மணி. 5,000 மில்லி ஆம்பியர்-மணி கைபேசி மின்கலங்கள் இரண்டில் இதற்கு மேலேயே இருக்கிறது. மின்கலம் சிக்கலே இல்லை. மோட்டாரும் பற்சக்கரப் பெட்டியும் சேர்க்கும் எடை, மின்சாரம் நின்றால் வண்டி பின்னோக்கி ஓடாமல் பூட்டிக்கொள்ளும் ஏற்பாடு ஆகிய இரண்டும்தான் சிக்கல். பள்ளியில் படித்த நிலையாற்றல் சூத்திரம் ஒன்று, குழு எதில் நேரம் செலவிட வேண்டும் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. மூன்றாண்டுக் கல்வி பயன்பாட்டுக்கு வருவது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

ஐந்தாவது, செய்து பார்த்தல். மரத்திலோ ஒட்டுப்பலகையிலோ ஒரு முதல் மாதிரி, பிறகு எஃகில் ஒன்று. 19க்கு 25 என்ற படியில் ஒரு படி விளிம்பிலிருந்து அடுத்த விளிம்புக்குச் சாய்வாக 31.4 சென்டிமீட்டர். அதையே சக்கரங்களின் இடைவெளியாக வைத்துச் செய்த வண்டி கல்லூரிப் படியில் ஏறிவிடும், குடியிருப்பில் திணறும். காரணம், கட்டடம் எழுந்த பிறகு தரையில் ஓடு பதித்தால் கீழ்த்தளத்தில் முதல் படியின் உயரம் குறைந்துவிடுகிறது. மேல்தளத்தில் அதே ஓடு கடைசிப் படியின் உயரத்தைக் கூட்டிவிடுகிறது. அந்தப் படியில் சக்கரம் மிதியின் நடுவில் விழாமல் விளிம்பில் நின்று வழுக்கும். எந்தப் பாடநூலிலும் இது இல்லை. பத்து வீடுகளில் அளவுநாடாவோடு குனிந்து பார்த்தவருக்குத்தான் தெரியும். இடைவெளியைச் சற்றுக் கூட்டி, சக்கரத்துக்கு மென்மையான ரப்பர் போட்டு, மறுபடி சோதிக்க வேண்டும்.

ஆறாவது கட்டத்தில் இரண்டு தனித்தனிக் கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். எழுதிய அளவுகளை வண்டி நிறைவேற்றுகிறதா என்பது ஒன்று; அதை ஆய்வுக்கூடத்தில் தராசும் விசைமானியும் சொல்லும். தொழிலாளி மறுநாளும் அதை எடுத்துப் போகிறாரா என்பது மற்றது. அதை அவர்தான் சொல்ல முடியும். முதல் கேள்வியில் தேர்ச்சி பெற்று இரண்டாவதில் தோற்கும் கருவிகள் ஏராளம். அந்தத் தோல்வியை நேரில் பார்த்த மாணவர், அடுத்த வேலையில் முதல் கட்டத்துக்கு இன்னும் அதிக நாள் ஒதுக்குவார்.

கேள்வியே மாறும்போது

தேவையை நேரில் போய்ப் பார்ப்பது ஒரு கருவியின் போக்கையே மாற்றிய நிகழ்வுக்குப் புகழ்பெற்ற சான்று எம்ப்ரேஸ். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மிகக் குறைந்த விலைக் கருவிகளை வடிவமைக்கும் பாடம் ஒன்றில், 2007இல் ஒரு மாணவர் குழு குறைப்பிரசவக் குழந்தைகளுக்கான இன்குபேட்டரை மலிவாக்கும் வேலையை எடுத்தது. நேபாளத்துக்குப் போய்ப் பார்த்தபோது மருத்துவமனையில் நன்கொடையாக வந்த இன்குபேட்டர்கள் வெறுமையாக இருந்தன. குழந்தைகள் பிறந்தது தொலைதூரக் கிராமங்களில். மருத்துவமனைக்கு வந்து சேர்வதற்குள் உடல் சூடு குறைந்து இறந்தார்கள். இன்குபேட்டரின் விலையைக் குறைத்தாலும் அந்தக் குழந்தைகளுக்கு அது எட்டாது. தொடர்ந்து மின்சாரம் கிடைக்காத வீட்டில், தாயின் கைக்கருகில் வேலை செய்யும் ஒன்றுதான் வேண்டும்.

குழு கேள்வியை மாற்றிக்கொண்டது. 37 பாகை செல்சியஸை ஒட்டி உருகி உறையும் மெழுகு போன்ற பொருளை ஓர் உறையில் அடைத்து, அதைச் சூடாக்கிக் குழந்தையைச் சுற்றும் பைக்குள் வைத்தார்கள். உறையும்போது அப்பொருள் மணிக்கணக்கில் ஒரே வெப்பநிலையைத் தருகிறது. உறைநிலையில் வெளிப்படும் உள்ளுறை வெப்பம் என்பது முதலாண்டுப் பாடம். அதை எங்கே பயன்படுத்துவது என்பது நேபாளத்துக்குப் போனபின் கிடைத்த அறிவு. பிறகு இந்தக் குழு நிறுவனமாகி, இந்தியாவில் தன் வேலையைத் தொடர்ந்தது.

குழுவும் வழிகாட்டியும் மதிப்பெண்ணும்

இந்தப் பாடத்தை நடத்துவது கடினம். இங்கே வழிகாட்டியான ஆசிரியருக்கும் விடை தெரியாது. அதை மறைக்காமல், ‘இந்த எண் எங்கிருந்து வந்தது’, ‘இது உடைந்தால் என்ன ஆகும்’, ‘யாரிடம் கேட்டீர்கள்’ என்று தொடர்ந்து கேட்பதே அவர் வேலை. தானே வடிவமைத்துக் கொடுத்துவிடும் ஆசிரியரும், பருவ இறுதியில் கையெழுத்து மட்டும் போடும் ஆசிரியரும் ஒரே கெடுதலைச் செய்கிறார்கள்: முடிவெடுக்கும் பயிற்சி மாணவருக்குக் கிடைக்காமல் போகிறது.

மதிப்பீட்டில் இரண்டு சிக்கல்கள் உண்டு. முதலாவது, குழுவின் வேலையிலிருந்து தனிமனிதப் பங்கைப் பிரிப்பது. பக்க எண் இட்டு, நாள் குறித்து, நடந்ததை நடந்தபடியே எழுதும் வடிவமைப்புக் குறிப்பேடு இதற்கு நல்ல துணை. உறுப்பினர்கள் ஒருவரையொருவர் மதிப்பிடும் படிவம், தனித்தனி வாய்மொழித் தேர்வு ஆகியவற்றையும் பல கல்லூரிகள் சேர்த்துக்கொள்கின்றன.

இரண்டாவது, தோல்விக்கு என்ன மதிப்பெண் என்பது. கடைசி நாளில் கருவி ஓடினால் முழு மதிப்பெண், ஓடாவிட்டால் இல்லை என்று வைத்தால், மாணவர்கள் துணிச்சலான வேலையைத் தொட மாட்டார்கள். ஏற்கெனவே ஓடிய ஒன்றை மறுபடி செய்வார்கள். ஓடாத கருவி ஏன் ஓடவில்லை என்று அளந்து நிரூபித்த குழு, தற்செயலாக ஓடிய கருவியோடு வந்த குழுவைவிட அதிகம் கற்றிருக்கிறது. மதிப்பீட்டுப் படிவத்தில் முடிவுக்கு ஒரு பங்கும், முடிவை அடைந்த வழிக்குப் பெரும் பங்கும் ஒதுக்குவது இதனால்தான் அவசியம்.

கடைசி ஆண்டில் மட்டும் வடிவமைப்பைத் தொடுவது போதாது என்பதும் அனுபவம் காட்டிய பாடம். எம்.ஐ.டி.யில் வுடி ஃபிளவர்ஸ் 1970களில் நடத்திய இயந்திர வடிவமைப்புப் பாடம் கடைசி ஆண்டுக்கு முன்பே படிக்கும் மாணவருக்கானது. எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பொருள்கள் அடங்கிய பெட்டி. அதைக்கொண்டு செய்த இயந்திரங்கள் பருவ இறுதியில் மேடையில் மோதும். இதன் தொடர்ச்சியாகவே, 1989இல் டீன் கேமன் நிறுவிய ஃபர்ஸ்ட் என்ற பள்ளி மாணவர் ரோபோ போட்டி அமைப்பின் வடிவமைப்பிலும் ஃபிளவர்ஸ் பங்கேற்றார். முதலாண்டில் ஒரு சிறு வேலை, இடையில் ஒன்று, கடைசியில் பெரியது என்று வடிவமைப்பு படிப்பு முழுவதும் முதுகெலும்பாக ஓடும்போது நிறைவுத் திட்டப்பணி திடீர்ச் சுமையாக வந்து விழுவதில்லை.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில்

தமிழ்நாட்டில் பொறியியல் படித்த யாருக்கும் இறுதியாண்டு ‘ப்ராஜெக்ட்’ அறிமுகமானது. மூன்று நான்கு பேர் ஒரு ‘பேட்ச்’. அவர்களுக்கு ஒரு ‘கைடு’. ‘ஜீரோத் ரிவ்யூ’வில் தலைப்புக்கு ஒப்புதல், பிறகு அடுத்தடுத்த ரிவ்யூக்கள், கடைசியில் வெளித்தேர்வாளர் முன் ‘வைவா’. கட்டங்கட்டமாக ஆய்வு செய்யும் இந்தச் சட்டகம் உலகின் எந்த நல்ல கல்லூரியின் முறைக்கும் குறைந்ததல்ல. முதலாண்டுப் பட்டறையில் ஃபிட்டிங், கார்பென்ட்ரி, வெல்டிங், ஷீட் மெட்டல் என்று கைப்பயிற்சியும் உண்டு. சென்னை ரிட்சி தெருவில் சென்சாரிலிருந்து மோட்டார்வரை ஒரு பிற்பகலில் வாங்கிவிடலாம். குறை இருப்பது தொடங்கும் இடத்தில்.

பல துறைகளில் ப்ராஜெக்ட் ‘பேஸ் பேப்பரி’லிருந்து தொடங்குகிறது. அண்மையில் வெளியான ஓர் ஆய்விதழ்க் கட்டுரையை எடுத்து, அதில் சொன்னதைச் செய்து, சிறு மேம்பாடு ஒன்றைச் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. ஆராய்ச்சியைப் படிக்கப் பழகுவதற்கு இது நல்ல பயிற்சிதான். ஆனால் ஆய்விதழ்க் கட்டுரை என்பது வேறொருவர் தம் கேள்விக்குக் கண்ட விடை. விடையிலிருந்து தொடங்கும் மாணவர், தேவையை அறிவது, அதை அளவாக மாற்றுவது, பல வழிகளை ஒப்பிடுவது என்ற முதல் மூன்று கட்டங்களையும் தாண்டிக் குதித்துவிடுகிறார். வடிவமைப்பின் கருவே அந்த மூன்றில்தான் இருக்கிறது.

கேள்வியைத் தேடும் வேலை நீங்கியதும் மீதி வேலையையும் விலைக்கு வாங்கலாம் என்ற நிலை எளிதாக வந்துவிடுகிறது. தலைப்பு, செய்துமுடித்த கருவி, நிரல், அச்சிட்ட அறிக்கை, வைவாவுக்கான பயிற்சி ஆகியவற்றைச் சேர்த்து விற்கும் ‘ப்ராஜெக்ட் சென்டர்’கள் நகரந்தோறும் இருப்பது இதன் விளைவு. இதை மாணவரின் ஒழுக்கக் குறைவாக மட்டும் பார்த்தால் சிக்கல் தீராது. கைடு ஒருவருக்குப் பல பேட்ச். வேலைவாய்ப்புத் தேர்வுகளும் அதே பருவத்தில். பட்டறை மாலையில் பூட்டப்படுகிறது. பொருள் வாங்கும் செலவு வீட்டின் தலையில். இந்த நெருக்கடியில் வாங்கிவிடுவது பாதுகாப்பான வழியாகத் தெரிகிறது. இழப்பு மாணவருக்குத்தான். நான்காண்டுகளில் ஒரேயொரு முறை கிடைக்கும் முடிவெடுக்கும் வாய்ப்பு பணத்தோடு சேர்ந்து போய்விடுகிறது.

மாற்றத்துக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஜீரோத் ரிவ்யூவில் பேஸ் பேப்பரோடு, அல்லது அதற்குப் பதிலாக, ஒரு பயனாளரைச் சந்தித்து எழுதிய இரண்டு பக்கக் குறிப்பும் அளந்து எழுதிய தேவைப் பட்டியலும் கேட்கலாம். வாங்கிய ப்ராஜெக்டில் இவை இருக்க முடியாது. அரிசி ஆலை, விசைத்தறிக் கூடம், ஃபவுண்டரி, மீன்பிடித் துறைமுகம், ஆரம்ப சுகாதார நிலையம் எனச் சிக்கல்கள் கல்லூரி வாசலுக்கு வெளியேயே இருக்கின்றன. மாவட்டந்தோறும் உள்ள சிறுதொழில்கள் பெரும்பாலும் தனியாக வடிவமைப்புப் பிரிவு வைக்க வசதியில்லாதவை. ஓராண்டு முழுவதும் உழைக்கும் நான்கு இளம் பொறியாளர்கள் அவற்றுக்கு உண்மையிலேயே பயன்படுவார்கள். பட்டறையை இரவு எட்டு மணிவரை திறந்துவைப்பது, ஒரு பேட்சுக்குச் சிறு தொகை ஒதுக்குவது, தொழில்துறையிலிருந்து ஒருவரை ஒவ்வொரு ரிவ்யூவுக்கும் அழைப்பது, ஓடாத கருவியின் நேர்மையான சோதனை அறிக்கைக்கு மதிப்பெண் தருவது ஆகியவை துறைத்தலைவர் மட்டத்திலேயே முடிவுசெய்யக்கூடியவை.

நிறைவாண்டுத் திட்டப்பணி நடக்க மூன்று நிபந்தனைகள் போதும் என்று ஹார்வி மட் முதல் எம்ப்ரேஸ் வரையிலான அனுபவம் காட்டுகிறது: கேள்வியைத் தேடும் உரிமை மாணவரிடம் இருக்க வேண்டும், செய்த பொருள் உண்மையான இடத்தில் சோதிக்கப்பட வேண்டும், அதற்காக வெளியே ஒருவர் காத்திருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் பாடம் அறிக்கை எழுதும் சடங்காகச் சுருங்குகிறது. மூன்றும் அமைந்தால், பட்டம் வாங்குவதற்கு முன்பே மாணவர் ஒருமுறை பொறியாளராக வேலை பார்த்துவிடுகிறார்.